ஆறு ஏக்கர் பொட்டல்: அடுக்குமாடியா, மனையா, பூட்டிக் கிடக்கிற வீடுகளா?

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்த சர்வே நம்பர், யார் பட்டா என்று மறுநாளே டீக்கடையில் பட்டியல் போட்டுவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம், நடுவில் பெரிய ஊருணி, அதைச் சுற்றிப் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிற செட்டியார் வீடுகள், வடமேற்கு எல்லையில் ஆறு ஏக்கர் பொட்டல். இந்தப் பொட்டல்தான் இப்போது பிரச்சினை. காகிதத்தில் அது புஞ்சை. அங்கே கடைசியாகக் கடலை போட்டது எங்கள் அப்பா காலத்தில், அதற்கப்புறம் சீமைக்கருவேலம்தான் வெள்ளாமை. அதை விவசாயத்திலிருந்து குடியிருப்பாக வகைப்பாடு மாற்றி, தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக முந்நூறு வீடு, குறைந்த வருமானக்காரர்களுக்கு, அரசு வாரியம் வழியாகக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து ஊர் இரண்டு கட்சி. ஒரு கட்சி ‘வேண்டவே வேண்டாம்’, இன்னொரு கட்சி ‘கட்டினால் என்ன?’. இதற்கு நடுவில் யாரும் உட்கார்ந்து, வேறு என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீடு ஊருணிக்குத் தெற்கே மூன்றாவது தெரு. சொந்த வீடு. மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். முந்நூறு வீடு வந்தால் எனக்கு வாடகை இறங்கும். ஆக, நியாயப்படி நான் எதிர்க்க வேண்டிய ஆள். ஆனாலும் எதிர்க்கவில்லை. வந்த யோசனையை அப்படியே ஏற்கவும் இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

யாருக்கு வீடு வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் டீக்கடைப் பேச்சில் அந்த ஆட்கள் வருவதே இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு தினமும் போய் வருகிறவர்கள், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்கிற இரண்டு மூன்று குடும்பம், காரைக்குடி ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்பிள்ளைகள், அங்கன்வாடி ஆயா. எல்லோரும் வாடகை வீடு. எங்கள் தெருவில் பலகாரம் போடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு, அதன் கீழ் இரண்டு விறகடுப்பு, குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம் போல ஒரு இரும்புச் சட்டி. கல்யாணச் சீருக்கு மணகோலம், தேன்குழல், சீப்புச்சீடை என்று ஆர்டர் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு பற்றும், தெரு முழுக்க எண்ணெய் வாசம். பதினோரு வருஷத்தில் நாலு வீடு மாறியிருக்கிறார். ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர் மகன் துபாயிலிருந்து திரும்பி வந்தார், ஒருமுறை வீட்டை விற்றார்கள், ஒருமுறை புகை. “வீட்ட மாத்துறதுகூடப் பெரிசில்ல தம்பி, அடுப்ப மாத்துறதுதான் கொடுமை” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எதிர்க்கிறவர்கள் முதலில் சொல்வது, இவ்வளவு வீடு பூட்டிக் கிடக்கும்போது புது வீடு எதற்கு என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவன். தெருவுக்குத் தெரு போகிற மாதிரி வீடு, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் முகப்பு, பட்டாலை, முற்றம், இரண்டாங்கட்டு. ஒரு வீட்டில் பத்துக் குடும்பம் இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால்தான் விஷயம் புரியும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து, இருபது பங்காளிகள். ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் போய்ச் சேர்ந்து அவர் பிள்ளைகளுக்குள் இன்னும் பிரிவினை ஆகவில்லை. விற்க வேண்டுமென்றாலும் நீண்ட காலக் குத்தகைக்கு விட வேண்டுமென்றாலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியே கையெழுத்துக் கிடைத்தாலும் அவர்கள் கொடுக்க மாட்டார்கள், அதற்கு நான் அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கல்யாணம் அந்த வீட்டில்தான், முன்னோருக்குப் போடுகிற படைப்பும் அந்த வீட்டில்தான். வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் பூட்டிக் கிடக்கிறது என்பது நமக்குத் தெரிகிற கணக்கு, மிச்சப் பதினைந்து நாள்தான் அவர்களுக்கு வீடு. போன தை மாதம் வந்திருந்த ஆச்சி ஒருவரிடம் பின்கட்டை மட்டுமாவது வாடகைக்கு விடலாமே என்று கேட்டேன். “விட்டா திரும்பக் காலி பண்ணுவாகளா? கோர்ட்டுக்கு அலைய எனக்கு வயசு இருக்கா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. ஏறி என்ன, ஒரு வீடு பங்கு பிரிக்க முடியாமல் இடிபட்டால் அதன் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்விடுகின்றன, அங்கே போனால் நம் ஊர்க் கதவை நாமே அடையாளம் கண்டுபிடிக்கலாம். பிழைத்த வீடுகள் சில ஹோட்டலாகின்றன, சில சினிமா ஷூட்டிங்குக்குப் போகின்றன. ஆத்தங்குடிக் கல் பட்டறைத் தொழிலாளிக்கு அதில் ஓர் அறை கிடைக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பூட்டின வீட்டைக் காட்டிப் புது வீட்டை மறுப்பது, அடுத்தவர் களஞ்சியத்தைக் காட்டி நம் வீட்டுப் பிள்ளைக்குச் சோறில்லை என்று சொல்கிற மாதிரி.

சரி, மனை. மனசாட்சியோடு சொன்னால் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். அடிமண் சொந்தம். வாசலில் கோலம், பின்னால் முருங்கை, நாலு ஆடு, பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அடுக்குமாடிக்காரர்கள் இதைக் கிண்டலாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

கணக்குதான் உதைக்கிறது. ஆறு ஏக்கர் என்றால் 600 சென்ட். லேஅவுட் போட்டால் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்பதால் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும், தாராளமாகப் பத்தில் ஒன்று என்று வைத்தால் அறுபது சென்ட் போச்சு. ரோடுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும் என்று வையுங்கள், இன்னொரு இருநூறு. மிச்சம் 340 சென்ட். ஒரு மனைக்கு இரண்டரை சென்ட் என்றால், அதாவது கிட்டத்தட்ட 1,090 சதுர அடி, சுமார் 136 மனை. முந்நூறு எங்கே, நூற்று முப்பத்தாறு எங்கே? அதிலும் 136 மனை என்பது 136 வீடு இல்லை, வெறும் கல்தான். ஊருக்கு மேற்கே ஏற்கனவே ஒரு லேஅவுட் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வண்ணக் கொடி கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து விற்றது. இன்றைக்கு அங்கே மூன்று வீடு, மிச்சமெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கல்லுக்கு நடுவே கருவேலம். வாங்கினவர்கள் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டுக்காக வாங்கவில்லை, விலை ஏறும் என்று வாங்கினார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பெயர் வீட்டு வசதி இல்லை.

மனை தனியார் விற்பது என்றால் செலவையும் சேர்த்துப் பாருங்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், மொத்தம் 11. பத்து லட்சத்துக்குள் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, அவ்வளவுதான். அதற்கப்புறம் வீடு கட்ட வேண்டும். கிராமப் பஞ்சாயத்தாக இருந்தால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் கிடைக்க வழி உண்டு, ஆனால் அது கிராமத்துக்கான திட்டம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில பஞ்சாயத்துகளும் உள்ளே இழுக்கப்பட்டன, அங்கெல்லாம் நூறு நாள் வேலை போய்விடும் என்று ஜனங்கள் பயந்தது சும்மா இல்லை. எங்கள் ஊர் இன்னும் வெளியே நிற்கிறது, எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? நகரத்துக்குள் போய்விட்டால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவுதான் கதி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் 2.5 லட்சம் வரை உதவி. இரண்டரை லட்சத்தில் இன்றைக்கு அஸ்திவாரமும் சுவரும் வரும், கூரை கடனில்தான்.

அரசே இலவசமாக மனைப்பட்டா கொடுத்தால்? கொடுத்தால் நல்லது. ஆனால் 136 பேருக்குக் கொடுத்துவிட்டு 137ஆவது ஆளிடம் என்ன சொல்வது?

ஊருக்கு வெளியே, தூரத்தில் அரசுப் புறம்போக்கு இருக்கிறதே, அங்கே கட்டட்டும் என்கிறவர்களுக்கு ஒரே பதில், சென்னையைப் பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்துக்குள் இருந்தவர்களைக் கொண்டுபோய் எல்லையில் வைத்ததும் வேலை போனது, பிள்ளைகள் படிப்பு நின்றது, பஸ் செலவே சம்பளத்தைத் தின்றது. இங்கே தூரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு மண்டபத்திலிருந்து திரும்புகிற பெண்ணுக்கு எட்டு கிலோமீட்டரே பெரிய தூரம்தான். இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் யாரும் அங்கே ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்ததில்லை, அந்தப் பக்கம் பஸ்ஸே இல்லை.

ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு வழி. விட்டால் பொட்டல் பொட்டலாக இருக்காது, துண்டு துண்டாக மனையாகிவிடும். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது, மறு வருஷம் அப்படிப்பட்ட மனைகளை அங்கீகரிக்க அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை புஞ்சை சத்தமில்லாமல் மனையானது என்று நமக்கெல்லாம் தெரியும்.

இனி அடுக்குமாடி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், முந்நூறு வீடு என்றால் ஆறு ஏக்கரும் கான்கிரீட் என்று நினைக்கிறார்கள். ஒரு வீடு உள்ளே 400 சதுர அடி, சுவர், படிக்கட்டு, நடை எல்லாம் சேர்த்து 600 என்று தாராளமாகவே வையுங்கள். முந்நூறு வீட்டுக்கு 1,80,000 சதுர அடி. நாலு தளமாகப் பிரித்தால் தரையில் படுவது 45,000. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆக முந்நூறு வீடும் மண்ணில் பிடிக்கிற இடம் ஓர் ஏக்கரும் சொச்சமும்தான்! மனை போட்டால் 136 குடும்பத்துக்கு ஆறு ஏக்கரும் வேலிக்குள் போய்விடும். அடுக்கினால் முந்நூறு குடும்பத்துக்கும் இடம் கொடுத்து, ரோடு, பூங்கா எல்லாம் போக, நிலம் மிஞ்சும். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது நிலத்தைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். இந்த யோசனை அதில் முக்கால் மடங்கைக்கூடத் தொடவில்லை. ‘நெருக்கம், நெருக்கம்’ என்று பயப்படுவது எண்ணிக்கையைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து இல்லை.

நிலம் மிஞ்சுவது ஏன் முக்கியம் என்றால் ஊருணி. போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் குடை பிடித்துக்கொண்டு பொட்டல் பக்கம் போனோம். கருவேலங் காட்டுக்கு நடுவே, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கே இருக்கிறது என்று வெயில் காலத்தில் கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. அன்றைக்குத் தண்ணீரே காட்டிக் கொடுத்தது. பொட்டலின் மேற்கு மூலையிலிருந்து செம்மண் கலங்கலாக, ஆட்டுப் புழுக்கையும் கருவேல இலையும் சுமந்து, வளைந்து வளைந்து வந்து ஊருணியின் கல் வாயில் இறங்கியது. அந்த வாயில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பள்ளம், வண்டல் அங்கே தங்கிவிடும், தெளிந்தது உள்ளே விழும். இதைக் கட்டினவர்கள் யாரிடமும் அனுமதி ஓலை வாங்கியிருக்க மாட்டார்கள், ஆனால் எந்தத் துளி எங்கிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல்தான் வந்தது. இந்த ஊர்களில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தெருவுக்கு வந்து, ஊருணிக்குப் போகிற ஏற்பாடு அதற்கு எவ்வளவோ முன்னால்.

அந்த வரத்துக்கால் ஆறு ஏக்கரின் மேற்கு ஓரமாக நெடுக ஓடுகிறது. மனை போட்டால் அது இருபது மனைக்குக் குறுக்கே போகும், ஒவ்வொருவரும் தன் காம்பவுண்டுக்குள் வந்ததை மண் போட்டு மேடாக்குவார்கள், அவரவர்க்கு அது அவரவர் நிலம். அடுக்கிக் கட்டினால் அந்த ஓரத்தை முழுசாகக் கட்டாமல் விடலாம். என்னை ஆதரவுப் பக்கம் தள்ளியது இதுதான், ஏழைகள் மேல் இருக்கிற கருணை இல்லை, அப்படி நினைத்து யாரும் பாராட்டிவிட வேண்டாம்.

ஆனால் அதே ஊருணிதான் பயமும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசுக் கையேடு போடுகிற கணக்கு. முந்நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர், 1,200 பேர். ஒரு நாளைக்கு 1,62,000 லிட்டர். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாகத் திரும்பும், கிட்டத்தட்ட 1,30,000 லிட்டர். எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. பொட்டல் ஊருணிக்கு மேட்டில் இருக்கிறது. செப்டிக் டேங்க் கட்டி மண்ணுக்குள் விட்டால் இரண்டு மழைக் காலத்தில் எங்கே வந்து நிற்கும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இந்தத் திட்டம் வரக் கூடாது, வந்தால் நானே போய் மறியலில் உட்காருவேன். யோசனையில் அதைப் பற்றி ‘உரிய வசதிகள் செய்யப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இந்த ‘உரிய’ என்ற சொல்லை நம்பி ஏமாந்த ஊர் எத்தனை!

மனைக்கும் இந்தப் பிரச்சினை உண்டு என்பதை மறக்க வேண்டாம். 136 வீட்டுக்கு 136 செப்டிக் டேங்க், 136 போர். ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும், 136 தொட்டியில் எது கசிகிறது என்று யார் பார்ப்பது?

எதிர்ப்புகளில் மற்றது இரண்டு. ஒன்று உயரம். நாலு தளம் என்றால் நாற்பது நாற்பத்திரண்டு அடி, கோபுரத்துக்கு மேல் போகக் கூடாது, பழைய தெருக்களின் அழகு கெட்டுவிடும் என்கிறார்கள். பொட்டல் பழைய தெருக்களுக்குள் இல்லை, ஊருணிக்கு அந்தப் பக்கம். தவிர, கோவிலுக்கு நேர் பின்னால் செல்போன் டவர் வந்தபோது இதே ஆட்கள் வாடகை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பழைய தெருவுக்குள் நாலு மாடி கட்டக் கூடாது என்றால் நானும் கூட நிற்பேன், முகப்பு முகப்பாக ஓடுகிற அந்த வரிசையில் ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்தால் வயிறு எரிகிறது. இங்கே அது பொருந்தாது.

இன்னொன்று, வெளியே சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், ‘கண்டவனும் வந்து குடியேறுவான்’. இதற்கு நீளமாகப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் கண்டவன் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி வைத்தவன், உங்கள் தரைக்குக் கல் ஊற்றினவன். யாருக்கு ஒதுக்கீடு என்பதில் இந்த ஊரிலும் சுற்று ஊரிலும் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முன்னுரிமை கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை.

கட்டடத்தின் தரம் பற்றிய பயம் நியாயமானது. 2021இல் சென்னை புளியந்தோப்பில் புதிதாகக் கட்டின குடியிருப்பில் தொட்டால் பூச்சு உதிர்ந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசின சுவர் நூறு வருஷம் தாண்டியும் கண்ணாடி மாதிரி நிற்கிற ஊரில் அதைக் காட்டினால் சிரிப்பார்களா, அழுவார்களா? கட்டும்போதே மூன்றாம் தரப்புச் சோதனை வேண்டும், அதன் அறிக்கை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பராமரிப்பும் அப்படித்தான், மோட்டார் ரிப்பேர் ஆனால் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் யார் தூக்குவது என்று முதல் நாளே பேச வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, அடுக்குமாடியில் என்னால் சமாதானம் சொல்ல முடியாத குறை ஒன்றுதான். இந்த ஊரில் ஏழைகளுக்கு வீடு என்பது தூங்குகிற இடம் மட்டும் இல்லை, தொழில் செய்கிற இடம். தறிக்கு நீளமான இடம் வேண்டும், குழித்தறி என்றால் தரையிலேயே குழி வேண்டும், மூன்றாவது மாடியில் எங்கே வெட்டுவது? கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்பட்டோம், நெய்கிறவரை மாடியில் ஏற்றிவிட்டால் குறியீட்டை வைத்து என்ன செய்ய? பலகார அக்காவின் விறகடுப்பும் அப்படித்தான். 400 சதுர அடிச் சமையலறையில் அந்தச் சட்டி வாசலைத் தாண்டி உள்ளே வராது.

அதனால் என் கணக்கு இப்படிப் போகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் இருநூறு வீடு நாலு தளமாக, அதற்குத் தரையில் 30,000 சதுர அடி, சுமார் 70 சென்ட். அதற்கு அடுத்து, பொதுச் சுவர் வைத்த லைன் வீடாக நாற்பது, ஒவ்வொன்றும் ஒன்றரை சென்ட், பின்னால் சாய்ப்பு போட இடத்தோடு, தறிக்காரர்களுக்கும் அடுப்புக்காரர்களுக்கும் ஆடு வைத்திருப்பவர்களுக்கும். அது 60 சென்ட். பொது இடத்துக்கு 60 சென்ட். ரோடு, கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடம், சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இரண்டு ஏக்கர். கூட்டினால் 390 சென்ட். மிச்சம் இரண்டு ஏக்கர் பத்து சென்ட் மேற்கு ஓரம் முழுக்க வரத்துக்காலுக்கு. முந்நூறுக்குப் பதில் 240 குடும்பம். அறுபது குறைகிறது, அது எனக்கு உறுத்தவே செய்கிறது. ஆனால் மனை போட்டால் கிடைப்பதைவிட நூற்று நாலு அதிகம், ஊருணியும் பிழைக்கும். இந்த அறுபதில் ஐம்பதையாவது மீட்க வேண்டுமென்றால் இன்னொரு தளம் ஏற்றலாம், அப்போது லிஃப்ட், அதற்கு மின்சாரம், அதற்குப் பராமரிப்பு என்று போகும். எங்கள் ஊர்க் கரண்டை நம்பி ஒரு பாட்டியை நாலாவது மாடியில் குடிவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டு கட்சியும் தவறவிடுகிற இன்னொரு விஷயம். வகைப்பாட்டை மாற்ற 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் முறை இருக்கிறது. மாஸ்டர் பிளான் உள்ள பகுதியில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்பார்கள். அந்த நாட்களில் ‘ஊர் மக்கள் எதிர்க்கிறோம்’ என்று முந்நூறு கையெழுத்தோடு ஒரு பக்க மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். சர்வே எண்ணைப் போட்டு, புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் இணைத்து, வரத்துக்கால் இந்த இடத்தில் இருக்கிறது, இந்த இரண்டு ஏக்கரை வகைப்பாடு மாற்றத்திலிருந்து விலக்குங்கள் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். மொத்தமாக மாற்றிவிட்டால் நாளைக்கு அந்த இரண்டு ஏக்கரில் வேறு யாராவது வேறு எதையாவது கட்டுவார்கள், காகிதம் இடம் கொடுத்துவிடும். ‘இப்போதைக்குக் காலியாக விடுகிறோம்’ என்ற வாய்ப்பேச்சு எதற்கும் ஆகாது.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று சாயந்திரம் பலகார அக்காவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையில் மாவு, ஓரத்தில் ஒரு விரல் தடம் பதிந்துவிட்டது. லைன் வீடு நாற்பதும் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். காற்று மேற்கிலிருந்து வந்தால் புகை எங்கே போகும் என்றார். கிழக்கே, இருநூறு வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு. அதை நான் யோசிக்கவே இல்லை. “அப்ப அடுத்த வருஷம் அவுக மனு எழுதுவாக, தம்பி” என்றார். கையெழுத்துப் போடவில்லை. லைன் வீடுகளைத் தெற்கு மூலைக்கு மாற்றி வேறு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் திரும்பப் போக வேண்டும்.